அறுபதுக்கு மேல் ஆட வந்தவர்கள்

வள்ளி முருகன் கதையைப் பாடிக் கைகொட்டி வட்டமாக ஆடுகிற வள்ளி கும்மிக்குக் கொங்குப் பக்கம் வயது வரம்பு கிடையாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஆடுகிற வட்டத்திலேயே அதன் பாட்டியும் ஆடலாம், தாத்தாவும் ஆடலாம். ஒரு காலத்தில் ஆண்கள் மட்டும் ஆடிய கலை இது. பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்து வட்டத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் ஐயா. வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது 87. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர், "எம்பத்தேழுல அவரே நிக்கறாருன்னா நமக்கு என்னங்க அம்மிணி, இப்பத்தான எழுவது" என்று சொல்லிக்கொண்டே முந்தானையை இழுத்துச் செருகினார். அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டம் தனி.

நான் ஆட வந்தது 62 வயதில். தொலைபேசித் துறையில் உட்கார்ந்தே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு பேரப்பிள்ளைகள், சமையல், கோவில், கல்யாண வீடு என்று பொழுது போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் உடம்பு அசைவது குறைந்துவிட்டது. வீட்டு மனிதர்களைத் தவிர வேறு யாரோடும் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசி வாரக்கணக்காகும். ராத்திரி ரெண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடிகிற வரை புரண்டுகொண்டு கிடப்பேன். காலையில் ஊர் ரோட்டில் முக்கால் மணி நேரம் நடப்பேன். இந்த வயசுக்கு அது போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அப்படி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஒரு நாள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் தண்ணீர்க் குடத்தோடு திரும்பும்போது விழுந்தேன். இடது மணிக்கட்டில் விரிசல். கட்டுப் பிரித்த பிறகு பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண் என் கையைவிடக் காலைத்தான் அதிகம் கவனித்தார். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்கச் சொன்னார். நாலு எட்டு வைப்பதற்குள் தள்ளாடினேன். "நேரா நடக்க உங்க காலு நல்லாப் பழகியிருக்குங்கம்மா. திரும்பறதுக்கும் ஒதுங்கறதுக்கும் பழகவே இல்லைங்க" என்றார். சுருக்கென்று உறைத்தது. யோசித்துப் பார்த்தால் எங்கள் தெருவில் வயசானவர்கள் விழுந்த கதை எல்லாமே அப்படித்தான். குளியலறையில் திரும்பும்போது, கட்டிலிலிருந்து எழுந்து விளக்குப் பொத்தானை எட்டும்போது, குறுக்கே வந்த நாய்க்கு ஒதுங்கும்போது. நேர் ரோட்டில் நடந்துபோய் விழுந்தவர்கள் குறைவு.

உடம்பு சாயாமல் நிற்பதற்குக் கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் அனுப்புகிற உணர்ச்சி என்று மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. வயதாக ஆக மூன்றும் மங்குகின்றன. இடுப்பின் பக்கவாட்டுத் தசை வலுவாக இருந்தால் சாய்கிற உடம்பை அது இழுத்துப் பிடிக்கும். நேர்நடையில் அந்தத் தசைக்குப் போதுமான வேலை கிடைப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பதோடு நிற்காமல், வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி வேண்டும் என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. முதல் பாதி ஊருக்கெல்லாம் தெரியும். தமிழக அரசே 2023-இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. இரண்டாவது பாதியை யாரும் பேசுவதில்லை.

கும்மி அந்த இரண்டாவது பாதிக்குப் பெரிதும் கைகொடுக்கிறது. எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் திடலில் சாயங்காலம் ஏழு மணிக்குப் பயிற்சி. வாத்தியார் நடுவில் நின்று ஒரு அடி பாடுவார், சுற்றி நிற்கிறவர்கள் வாங்கிப் பாட வேண்டும். முன்னால் ரெண்டு எட்டு, பக்கவாட்டில் ஒரு எட்டு, குனிந்து ஒரு கைக்கொட்டு, நிமிர்ந்து உள்பக்கம் திரும்பி ஒரு கொட்டு, அப்படியே வெளிப்பக்கம் திரும்பி நகர வேண்டும். ஒற்றைக் காலில் உடம்பு நிற்கிற அந்தக் கண் இமைக்கிற நேரத்தில்தான் மறு கால் காற்றில் இருக்கும். பாட்டு மெதுவாகத் தொடங்கி முடுகும். முடுகும்போது யோசிக்க நேரம் கிடையாது, காலே முடிவு செய்ய வேண்டும். முதல் வாரம் எல்லோரும் உள்ளே திரும்பும்போது நான் வெளியே திரும்பி நின்றேன். பக்கத்தில் நின்ற எட்டு வயதுப் பிள்ளை என் முந்தானையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்துவிடும். சுமார் ஒன்றரை மாதம் பழகி அரங்கேற்றம் முடிந்த சமயத்தில், பொடக்காளியில் குடத்தோடு திரும்ப நான் சுவரைத் தேடுவது நின்றிருந்தது.

ஒரு விஷயத்தை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு வேகமாக ஆடலாம் என்பதற்குப் பெரியவர்கள் கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு நாடித்துடிப்பை எண்ண வேண்டியதில்லை. பேச்சும் பாட்டுமே அளவு. நன்றாகப் பாட முடிகிறது என்றால் உழைப்பு லேசாக இருக்கிறது. பேச முடிகிறது, பாடத்தான் மூச்சுப் போதவில்லை என்றால் அதுதான் மருத்துவர்கள் சொல்கிற மிதமான உழைப்பு. பேசவே மூச்சு இரைத்தால் வட்டத்தை விட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட வேண்டும். கும்மியில் பாடிக்கொண்டே ஆடுவதால் இது தன்னாலே தெரிந்துவிடும். எங்கள் வாத்தியார் காதால்தான் எங்களைக் கவனிப்பார். யாருடைய குரல் நின்றுபோனதோ அந்தப் பக்கம் பார்த்து, "உக்காருங்க ஆத்தா, அடுத்த பாட்டுக்கு வரலாம்" என்பார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. ஒரு பாட்டு ஆடி, ஒரு பாட்டு உட்கார்ந்து கைதட்டுகிறவர்கள் எங்கள் குழுவில் பாதிப்பேர்.

ஞாபகத்துக்கும் இது வேலை. வள்ளிக்கிழங்குக் குழியில் நம்பிராசன் குழந்தையைக் கண்டெடுப்பது, தினைப்புனக் காவல், முருகன் வேடனாக வந்து வேங்கை மரமாக நிற்பது, கிழவனாக வருவது, யானையைக் கண்டு வள்ளி பயப்படுவது, கல்யாணம் என்று கதை நீள்கிறது. பகுதிக்கு ஒரு மெட்டு, மெட்டுக்கு ஒரு அடவு, அதாவது ஆட்ட அசைவு. கதை வரிசை தெரிந்திருப்பதால் அடுத்த பாட்டு நினைவுக்கு வரும், பாட்டு வந்தால் கால் வரும். நியூயார்க்கில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைச் சுமார் ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு 2003-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் இவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் வருவது குறைவாக இருந்தது. உடலுழைப்புகளில் நடனத்துக்கு மட்டுமே அந்தத் தொடர்பு தெரிந்தது. நன்றாக இருக்கிறவர்கள்தானே ஆட வருவார்கள் என்று கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான். அதனால் கும்மி ஆடினால் மறதியே வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டு, அடவு, பக்கத்து ஆளின் கை, வாத்தியாரின் குரல் என்று நாலையும் ஒரே நேரத்தில் கவனிக்கச் சொல்கிற வேறு எந்த வேலையும் என் பகல் பொழுதில் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. கணவர் இறந்து வருஷம் திரும்பியும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மருமகள்தான் வந்து என்னிடம், "அத்தையக் கூட்டிட்டுப் போங்க பெரியம்மா, சும்மா உக்காந்து பாக்கட்டும்" என்றாள். வந்தார், திடலின் ஓரத் திண்ணையில் உட்கார்ந்தார். சில நாள் கழித்து உதடு அசைவது தெரிந்தது. பாட்டெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சின்ன வயதில் அவருடைய அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஆடிக் கேட்டதாம். அரங்கேற்றத்துக்குக் குழுவுக்கே ஒரே நிறப் புடவை எடுக்கும்போதுதான் சங்கடம் வந்தது. பச்சையும் சிவப்புமாக அரக்குக் கரை போட்ட புடவை. "எனக்கு வேண்டாங்கண்ணு, ஊரு என்ன சொல்லும்" என்றார். யாரும் வாதாடவில்லை. அவருடைய மருமகளே அவர் பெயரையும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு வந்தாள். அரங்கேற்றத்தன்று அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலையில் பூவோடு, இரண்டாவது வட்டத்தில் நின்று ஆடினார். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய நாத்தனார் கடைசி வரை எழுந்து போகவில்லை. இதை எந்த மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்க முடியும்?

எங்கள் வீட்டுக்காரருக்குக் கும்மியில் நாட்டமில்லை. அவருக்குப் பூப்பந்து. மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட களம். தஞ்சாவூர் அரச குடும்பத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படுகிற ஆட்டம், அப்புறம் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம் தோறும் பரவியது. திறந்தவெளியில் ஆடலாம், ஆளுக்கு ஒரு மட்டை இருந்தால் போதும். படிக்கிற காலத்தில் ஆடியதை ஓய்வுக்குப் பிறகு திரும்ப எடுத்தார். கூட ஆடுகிறவர்கள் ஐம்பத்தைந்திலிருந்து எழுபத்தைந்து வரை.

அந்தக் களத்தில் அவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கிற வழக்கங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தலைக்கு மேல் போகிற பந்துக்குப் பின்னோக்கி ஓடக் கூடாது. அது புள்ளி போனால் போகட்டும். வயசான ஆட்டக்காரர்கள் பின்னால் ஓடினால் எளிதில் விழுவார்கள், அதில் மண்டை அடிபடலாம். ஐந்து பேர் ஆட்டமானதால் ஒவ்வொருவருக்கும் தன் இடம் மட்டும்தான். முழங்கால் முடியாதவருக்கு முன் இடம். ஆடுவதற்கு முன் பத்து நிமிஷம் களத்தைச் சுற்றி நடந்து, தோளையும் கணுக்காலையும் சுழற்றிவிட்டுத்தான் மட்டையைத் தொடுவார்கள். நெஞ்சை அழுத்துகிறது, தாடையோ இடது கையோ வலிக்கிறது, காரணமில்லாமல் வியர்க்கிறது என்றால் 'வாயுவாக இருக்கும்' என்ற பேச்சே அங்கே எடுபடாது. ஒருமுறை ஒருவர் அப்படிச் சொல்லி உட்கார்ந்தார். கூட இருந்தவர்கள் கேட்கவில்லை, நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு. சிகிச்சை முடிந்து, மருத்துவர் அனுமதி கொடுத்த பிறகு இப்போது புள்ளி எண்ணுகிறார், நடக்கிறார்.

2022-இல் பின்லாந்தின் தாம்பரே நகரில் 94 வயது பகவானி தேவி 100 மீட்டரை 24.74 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரித்து ஓட விடுகிறார்கள். அவரைப் பார்த்து எனக்குப் பெருமைதான். ஆனால் ஊரில் சோபாவில் உட்கார்ந்திருக்கிற எழுபது வயதுக்காரருக்கு அவரை உதாரணம் காட்டினால் 'அவங்க உடம்பு வேற' என்று ஒதுங்கிவிடுகிறார். பக்கத்துத் தெருக்காரர் பூப்பந்து ஆடுகிறார் என்றால் எட்டிப் பார்க்கவாவது வருகிறார்.

இனி ஆட வர நினைப்பவர்களுக்கு, கொஞ்சம் நேரடியாக.

முதலில் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கை வைக்காமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? சுவருக்குப் பக்கத்தில், கூட ஒருவர் நிற்க, ஒற்றைக் காலில் 10 வினாடி நிற்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த இரண்டையுமே சில வாரம் பயிற்சியாகச் செய்துவிட்டு வட்டத்துக்கு வாருங்கள். இதய நோய், சமீபத்தில் அறுவை சிகிச்சை, அடிக்கடி மயக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் தேவைப்படுகிறவர்களுக்கு வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதிக்கு வருகிறவரிடம் கேளுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரைக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் ஆடக் கூடாது. நாங்கள் ஆறு மணிக்கே ரெண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிட்டு வருவோம். நடுக்கம், குப்பென்று வியர்வை, கண் இருட்டுவது வந்தால் உடனே வாயில் போட வாத்தியார் மேஜையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் குனிந்து கொட்டிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும். அவர்கள் பாதி குனிந்தால் போதும். கும்மி வெறுங்காலில் ஆடுவது வழக்கம். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் அந்த வழக்கத்தை விட்டுவிட்டு மெல்லிய ஷூவோடு ஆடுங்கள், வீட்டுக்குப் போனதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். முள் குத்தியதே தெரியாமல் புண்ணாகிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சலங்கை கனம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

பெண்கள் வெளியே சொல்லாத ஒரு காரணத்தையும் எழுதிவிடுகிறேன். குதித்தால், இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது என்பதற்காகவே ஆட வராதவர்கள் நிறையப் பேர். 'முட்டி வலி' என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவார்கள். இது வயதின் தலையெழுத்து இல்லை. சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி, சில வினாடி பிடித்து, விடுகிற பயிற்சியைத் தினமும் செய்தால் பலருக்கு நன்றாகக் குறைகிறது. முறையாகச் செய்கிறோமா என்று மகளிர் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். குழு நடத்துகிறவர்கள் திடலுக்குப் பக்கத்தில் விளக்குப் போட்ட கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். எங்கள் திடலில் கோவில் கழிப்பறைக்கு விளக்குப் போட்ட பிறகு வந்து சேர்ந்த பெண்களின் கூட்டத்தைப் பார்த்துத்தான் எனக்கே இது புரிந்தது.

நேரத்தைப் பற்றி. பாட்டிக்கு ஏழு மணிக்குப் பயிற்சி என்றால் வீட்டில் அதைப் பாட்டியின் வேலை என்று எண்ண வேண்டும். 'இன்னிக்கு ஒரு நாள் போகாதீங்கம்மா, பாப்பாவைப் பாத்துக்கங்க' என்பது வாரத்தில் மூன்று நாள் ஆகிவிட்டால் அந்த அம்மா நாலாவது வாரம் வர மாட்டார். நான் வீட்டில் முதலிலேயே பேசி முடிவு செய்துகொண்டேன்: செவ்வாய், வியாழன், சனி சாயங்காலம் பேரனை மகன் பார்த்துக்கொள்ள வேண்டும். சில நாள் பேரனே என்னோடு வந்து வெளி வட்டத்தில் ஆடுவான். தனியாக உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு இல்லாத ஒரு பிடிமானம் குழுவில் உண்டு: வராவிட்டால் தேடுவார்கள். ரெண்டு நாள் தொடர்ந்து வராதவர் வீட்டுக்குப் போன் போய்விடும். காய்ச்சல், மருமகளோடு மனவருத்தம், பணத் தட்டுப்பாடு எதுவானாலும் குழுவுக்குத்தான் முதலில் தெரிகிறது.

ஆண்களை வரவழைப்பதுதான் கஷ்டம். மேடையில் ஆட அவர்களுக்குக் கூச்சம், அதிலும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு. அவர்களைப் 'பாக்க வாங்க' என்று கூப்பிடாதீர்கள், ஒரு வேலையைக் கொடுங்கள். ஒலிபெருக்கி பார்ப்பது, வரவு செலவு எழுதுவது, பின்பாட்டுப் பாடுவது. எங்கள் பின்பாட்டுக்காரர்களில் ஒருவர் தமிழாசிரியராக இருந்தவர். கணக்கு நோட்டு எழுத வந்தவர்தான், இப்போது வாத்தியாரின் பாட்டு வரியில் பாடபேதம் கண்டுபிடித்துத் திருத்துகிற அளவுக்கு வந்துவிட்டார்.

நிற்கவே முடியாதவர்கள்? அவர்களுக்குத் தாயம், பல்லாங்குழி என்று வீட்டோடு எடுத்து வைத்தால் கைவிரலுக்கும் கணக்குக்கும் வேலை, கூட விளையாட ஒரு ஆளும் வேண்டியிருக்கும். ஆனால் பாட்டுச் சத்தம் கேட்கிற இடத்துக்கு வர ஆசைப்படுகிறவர்கள் பலர். தை பிறந்ததும் அடுத்த குழுவுக்குப் பயிற்சி தொடங்குகிறோம். இந்த முறை உள் வட்டத்துக்குள்ளேயே கைப்பிடி வைத்த நாற்காலிகள் போட்டு, உட்கார்ந்தபடி கொட்டிப் பாடுகிறவர்களுக்குத் தனி அடவு அமைக்க வாத்தியார் ஒத்துக்கொண்டிருக்கிறார். அவர்களைத் திடல் வரைக்கும் கொண்டுவந்து விட்டு, ஒன்பது மணிக்குத் திரும்பக் கூட்டிப்போக வண்டி வேண்டும். மகன்களிடமும் மருமகன்களிடமும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.